டியூஸ் வருது, வழி விடுங்க!

இந்த லாரிக்குச் சாவி கிடையாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சாவி நுழைக்க ஓட்டையே இல்லை. ஏறி உட்கார்ந்து டேஷ்போர்டில் ஒரு சின்ன லீவரைத் தட்டினால் கரண்ட் வரும். பட்டனை அமுக்கினால் செல்ஃப் அடிக்கும். எஞ்சினை நிறுத்துவதற்கு வேறொரு கைப்பிடி இருக்கிறது, அதைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். சண்டை நடக்கிற இடத்தில் எந்தச் சிப்பாயும் எந்த லாரியிலும் தாவி ஏறி ஓட்டிக்கொண்டு போக வேண்டுமே, சாவி யார் பாக்கெட்டில் என்று தேடிக்கொண்டா இருப்பார்கள்? இன்றைக்கு இதைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் திருட்டுக்குப் பயந்து ஸ்டீயரிங்கில் இரும்புச் சங்கிலியைச் சுற்றிப் பூட்டுப் போடுகிறார்கள். ஆறு டன் ராணுவ லாரிக்கு அதுதான் பாதுகாப்பு!

வண்டியின் பெயர் எம்-35 ஏ-2. அமெரிக்காவில் அந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்' என்றால் தாத்தா முதல் பேரன் வரை தெரியும். கரடுமுரடான நிலத்தில் இரண்டரை டன் ஏற்றலாம் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. ரசிகர்களுக்கு வெறும் 'டியூஸ்'. 2017 ஆகஸ்ட் கடைசியில் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரம் மூழ்கியபோது, வீட்டுக் கொட்டகையில் இந்த டியூஸையும் அதன் அண்ணன் தம்பிகளையும் வைத்துச் சீராட்டிக்கொண்டிருந்த ஆட்கள் யாரும் காசு தராமலே அவற்றைக் கிளப்பிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்கள். டிவியில் நாம் பார்த்தது லாரியின் பின்பக்கம், நனைந்துபோய் உட்கார்ந்திருந்த குடும்பங்கள். எனக்கோ முன்பக்கமும் அடிப்பக்கமும் எஞ்சினும்தான் காட்ட ஆசை. சட்டையில் கொஞ்சம் கிரீஸ் படும், பரவாயில்லை என்றால் வாருங்கள்.

முதலில் அந்த மழையைச் சொல்லிவிடுகிறேன். ஹார்வி புயல் 2017 ஆகஸ்ட் 25 வெள்ளிக்கிழமை இரவு ராக்போர்ட் அருகே கரை கடந்தது. நான்காம் வகைப் புயல், மணிக்கு 210 கிலோமீட்டர் காற்று. கரை கடந்த புயல் உள்ளே போய்த் தேய்ந்து மறைவதுதான் வழக்கம். இது போகவில்லை. டெக்சஸ் கடலோரத்திலேயே சுற்றிச் சுற்றி நின்று, கடலிலிருந்து ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சிக் கொட்டியது. நெடர்லேண்ட் என்ற ஊரில் மொத்தம் 60.58 அங்குலம் பதிவானது, அதாவது 1,539 மில்லிமீட்டர். சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 1,400 மில்லிமீட்டர்தான். அதைவிட அதிகமாக ஒரே வாரத்துக்குள் தலையில் இறங்கினால்?

ஹூஸ்டன் தட்டையான ஊர். வடிகால் நிரம்பினால் மீதித் தண்ணீர் வீட்டுக்குள் ஏறாமல் ரோட்டில் நிற்கட்டும் என்று திட்டம் போட்டே அங்கே பல சாலைகளைத் தாழ்வாக அமைத்திருக்கிறார்கள். சாதாரண மழைக்கு அருமையான யோசனை. ஹார்வி மாதிரி மழைக்கு? ஊரின் அத்தனை தெருவும் ஒரே நேரத்தில் வாய்க்கால் ஆகிவிடும். ஆம்புலன்ஸ் நின்றுவிடும், தீயணைப்பு வண்டி நின்றுவிடும், போலீஸ் கார் மிதக்கும். படகு இருக்கிறதே என்பீர்கள். படகு ஒரு தெருவில் ஜோராகப் போகும். அடுத்த தெருவில் முழங்காலளவு தண்ணீர்தான் இருக்கும், தரை தட்டும். அதற்கடுத்த மேம்பாலம் காய்ந்து கிடக்கும். பாலத்துக்குக் கீழே லாரி மூழ்கும் ஆழம். அப்படிப்பட்ட ஊரில் படகையே முதுகில் தூக்கிக்கொண்டு போகிற ஒரு வண்டி வேண்டும். படகு வீட்டு வாசலிலிருந்து ஆட்களைக் கொண்டுவர, கொஞ்சம் மேடான இடத்தில் காத்திருக்கும் லாரி அவர்களை ஏற்றிக்கொண்டு முகாமுக்குப் பறக்க வேண்டும். பறக்க என்பது மரியாதைக்குச் சொல்வது. டியூஸின் உச்சபட்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். அதுவும் இறக்கத்தில், மனசு வைத்தால்.

ஞாயிற்றுக்கிழமை, 27-ஆம் தேதி, ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுன்டியின் நிர்வாகத் தலைவர் எட் எம்மெட் பகிரங்கமாகவே கேட்டுவிட்டார்: படகு வைத்திருப்பவர்களும் உயரமான வண்டி வைத்திருப்பவர்களும் உதவிக்கு வர வேண்டும் என்று. ஒரு பெருநகர அரசு, எங்களிடம் இருப்பது போதாது, உங்கள் வீட்டில் இருப்பதை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று வாய்விட்டுக் கேட்பது லேசான விஷயமா? பிறகு நடந்ததுதான் திருவிழா. லூசியானாவிலிருந்து 'கேஜன் நேவி' என்ற பெயரில் மீன்பிடிப் படகுக்காரர்கள் டிரெய்லரில் படகுகளைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். 2015 வெள்ளத்தில் நம் சென்னைக்குள் மீனவர்கள் படகோடு வந்ததை நேரில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. ஜிம் மெக்கிங்வேல் என்ற மெத்தைக் கடை முதலாளி தன் கடைகளை முகாமாகத் திறந்துவிட்டு, சோபா டெலிவரி செய்யும் லாரிகளை ஆள் ஏற்றி வர அனுப்பினார். ஆஸ்டினைச் சேர்ந்த 'செல்லோ' என்ற ஆப் செல்போனை வாக்கி-டாக்கி ஆக்கிவிட, முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொண்டார்கள். பெரிய பெரிய சக்கரம் மாட்டிய சேற்றுப் பந்தய லாரிகளும் வந்தன. அதில் ஒன்று, தண்ணீரில் சிக்கிக்கொண்ட ராணுவ லாரியையே கட்டி இழுக்கிற வீடியோ உலகம் சுற்றியது. நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவில் பச்சை பெயின்ட் அடித்த நம் கிழடுகள்.

ராணுவம் கழித்துக்கட்டிய லாரியை அமெரிக்காவில் ஏலத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பழைய கார் வாங்குகிற காசுக்கு டியூஸ் கிடைக்கும். டெக்சஸில் பழைய ராணுவ வண்டிக்கென்றே தனிப் பதிவு முறை இருக்கிறது. முழு லோடு ஏற்றினாலும் 26,000 பவுண்டைத் தாண்டாத வண்டி என்பதால் லாரி டிரைவர் லைசென்ஸ்கூட வேண்டியதில்லை. வேண்டியது பைத்தியம் மட்டும். அந்தப் பைத்தியத்துக்குச் சங்கம் உண்டு: ராணுவ வாகனப் பாதுகாப்புச் சங்கம், 1976-இல் தொடங்கியது, தலைமையகம் மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில். 2009-இல் இவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட பழைய வண்டிகளை வரிசை கட்டி, 1919-இல் ராணுவம் கடற்கரையிலிருந்து கடற்கரைக்குப் போன பயணத்தை அப்படியே திரும்பப் போனார்கள். லீவு போட்டுவிட்டு! இப்படிப்பட்ட ஆசாமிகளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா? வாசலில் நிற்கும் லாரியால் தெருவின் அழகு கெடுகிறது என்று முறைத்தவர்கள் அந்த ஆகஸ்டில் அதே லாரியின் பின்பக்கம் ஏறினால் எப்படி இருந்திருக்கும்! அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ராணுவ லாரி ஊருக்குள் வர இன்னொரு வழியும் உண்டு. டெக்சஸின் சின்னச் சின்ன ஊர்களில் தீயணைப்பு நிலையம் என்பது சம்பளமில்லாத உள்ளூர்த் தொண்டர்கள் நடத்துவது. டெக்சஸ் ஏ அண்ட் எம் வனத்துறை அமைப்பு, ராணுவம் கழித்த லாரிகளை வாங்கி இந்த நிலையங்களுக்குக் கொடுக்கிறது. அவர்கள் பச்சையை அழித்து வேறு பெயின்ட் அடித்து, தண்ணீர்த் தொட்டியும் பம்பும் ஏற்றிப் புல்வெளித் தீயை அணைக்க வைத்திருப்பார்கள். சண்டைக்காகச் செய்த வண்டி, நெருப்புக்காக மாறி, கடைசியில் வெள்ளத்தில் பேர் வாங்குகிறது.

சரி, ஏறுங்கள். படி உயரம்தான், கைப்பிடியைப் பிடித்துத் தாவுங்கள். மேலே டாப் வெறும் கேன்வாஸ் துணி. கதவை அறைந்து சாத்தினால்தான் பூட்டும். கண்ணுக்கு நேரே சின்னச் சின்ன உலோகத் தகடுகள் ஆணியடித்திருக்கும்: எந்த கியரில் எவ்வளவு வேகம் போகலாம், எதை எப்போது போட வேண்டும், எல்லாம் பாடப் புத்தகம் மாதிரி பொறித்திருக்கும். பத்தொன்பது வயதுப் புதுச் சிப்பாய்க்காக எழுதியது, நமக்கும் உதவும். இப்போது அந்த லீவரைத் தட்டுங்கள்.

ங்ங்ங்ங்ங்! பயப்படாதீர்கள். அது பஸ்ஸர். பிரேக்குக்கு வேண்டிய காற்று டேங்கில் இல்லை என்று அழுகிறது. எஞ்சின் ஓடி, காற்றழுத்தம் ஏறும்வரை அந்த அழுகை நிற்காது. அதுவரை லாரியை நகர்த்தக் கூடாது. விடிகாலை மூன்று மணிக்குத் தெருவில் ஒரு டியூஸைக் கிளப்பினால் ஏன் யாரும் தூங்க முடியாது என்று இப்போது தெரிகிறதா? எஞ்சின் பிடித்ததும் இன்னொரு சத்தம் சேரும், நீளமான விசில். ஏ-2 வண்டிகள் பலவற்றின் டர்போ அப்படித்தான் ஊதும். ரசிகர்கள் அதற்கு 'விசிலர்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். விசில் அடிக்காத டர்போவை மாட்டிக்கொண்டு வருகிறவனை ஒரு படி கீழாகத்தான் பார்ப்பார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஓட்டுவது நல்லது.

லைட் போடுகிறீர்களா? அங்கேதான் எல்லாப் புதுமுகமும் மாட்டிக்கொள்வார்கள். ஒரே ஸ்விட்சில் மூன்று லீவர். முக்கியமான லீவரை நேராகத் திருப்பினால் நகராது. பக்கத்தில் இருக்கும் குட்டி லீவரை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதே நேரம் மற்றதைத் திருப்ப வேண்டும். இருட்டில் கை தவறிப் பட்டு ஹெட்லைட் எரிந்துவிட்டால் எதிரி விமானத்துக்கு நாமே விலாசம் கொடுத்த மாதிரி ஆகிவிடும் அல்லவா, அதற்காக வைத்த பூட்டு அது. பின்னால் வரும் வண்டிக்காகப் பூனைக்கண் விளக்கும் உண்டு. பின்னால் வருகிறவன் நெருங்க நெருங்க அதன் சிவப்புப் புள்ளிகள் கூடுதலாகப் பிரிந்து தெரியும். புள்ளிகள் அதிகமாகத் தெரிந்தால் ரொம்பவே ஒட்டிவிட்டாய், பின்வாங்கு என்று அர்த்தம். இருட்டில் வரிசையாகப் போக என்ன அழகான ஏற்பாடு! கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை, ஒரு கண்ணாடியும் ஒரு பல்பும்தான்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம், எஞ்சின். எல்டிடி-465. ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர். ராணுவத்துக்கு ஒரு கவலை இருந்தது: சண்டை நடக்கும் ஊரில் டீசல்தான் கிடைக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? அதனால் டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள், வேறு வழியே இல்லை என்றால் பெட்ரோல் என எதை ஊற்றினாலும் ஓடுகிற எஞ்சினைக் கேட்டார்கள். இதன் ரகசியம் பிஸ்டன் தலையில் இருக்கிறது. அங்கே ஒரு உருண்டைக் குழி. மற்ற டீசல் எஞ்சின்கள் எரிபொருளைக் காற்றில் தூவும். இது குழியின் சூடான சுவரில் பீய்ச்சிப் பூசும். அங்கிருந்து அது ஆவியாகி நிதானமாக எரியும். எந்த எண்ணெய் வந்தாலும் தட்டாமல் முட்டாமல் எரிவதற்கு அந்தச் சுவர்தான் காரணம். இந்த முறையைக் கண்டுபிடித்தது ஜெர்மனியின் எம்.ஏ.என். கம்பெனி. பெயர் எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? நம் இந்திய ராணுவத்தின் சக்திமான் லாரி அதே எம்.ஏ.என். லைசென்ஸில் ஜபல்பூரில் செய்ததுதான். ஆக டியூஸும் சக்திமானும் ஒரு வகையில் சம்பந்திகள்.

டியூஸ்காரர்கள் இந்தச் சலுகையை அநியாயத்துக்குப் பயன்படுத்துவார்கள். வறுவல் கடையில் மீந்த எண்ணெயை வடிகட்டி ஊற்றுவார்கள், கழிவு எஞ்சின் ஆயிலைக் கலந்து ஊற்றுவார்கள். பின்னால் போனால் பசி எடுக்கும் என்று கேலி உண்டு. ஆனால் ஹார்வி வாரத்தில் இது கேலி இல்லை. அமெரிக்காவின் சுத்திகரிப்புத் திறனில் ஏறக்குறைய கால் பங்கு அப்போது முடங்கிப்போயிருந்தது. டல்லாஸ் வரை பெட்ரோல் பங்க்குகளில் கியூ. கொட்டகையில் ஏதோ ஒரு எண்ணெய் பீப்பாயில் கிடந்தாலே போதும் என்ற நிலையில் இருந்தவன் டியூஸ்காரன் மட்டும்தான். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது, அது வேறு கதை.

டீசல் வகை எஞ்சின் என்பதால் ஸ்பார்க் பிளக் கிடையாது. தண்ணீர் பட்டு நின்றுபோக அங்கே நெருப்புப்பொறியே இல்லை. கியர்பாக்ஸ் மூச்சு விடும் குழாய்களையும் மேலே தூக்கிக் கட்டியிருப்பார்கள். ஒன்றும் செய்யாமல் அப்படியே 30 அங்குல ஆழத்தில், அதாவது இடுப்பளவுக்குச் சற்றுக் குறைவான தண்ணீரில் இறங்கலாம் என்பது ராணுவக் கணக்கு. ஆழ்நீர் கிட் என்று ஒன்று மாட்டினால் 72 அங்குலம், ஆறடி! எடை ஆறு டன் என்பதால் சட்டென்று மிதக்காது. காருக்கு இந்த வசதி இல்லை. ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தால் சின்னக் கார் நகர ஆரம்பிக்கும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும் என்று அமெரிக்க வானிலைத் துறை வருஷா வருஷம் தொண்டை வற்றக் கத்துகிறது.

ஒரு சின்னச் சரித்திரம், ஒரே நிமிஷம். 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்' என்ற பட்டத்தை எம்-35 தானாகச் சம்பாதிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜிஎம்சி லாரியிடமிருந்து வந்த குடும்பப் பெயர் அது. நார்மண்டியில் இறங்கிய படைகள் பெட்ரோல் தீருமளவுக்கு வேகமாக முன்னேறிவிட்டன. அவர்களுக்கு எண்ணெயும் குண்டும் சோறும் கொண்டுபோக, கிட்டத்தட்ட 6,000 லாரிகளை இரவு பகலாக ஓட விட்டார்கள். 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்'. ஓட்டியவர்களில் நான்கில் மூன்று பங்கு கறுப்பினச் சிப்பாய்கள். துப்பாக்கி எடுத்துச் சண்டை போட அவர்களை நம்பாத ராணுவம், அந்த ராணுவத்தின் உயிரையே அவர்கள் கையில் ஸ்டீயரிங்காகக் கொடுத்தது. அந்த ஓட்டம் தொடங்கிய தேதி 1944 ஆகஸ்ட் 25. ஹார்வி கரை கடந்ததும் ஆகஸ்ட் 25. எனக்கு இந்த மாதிரிப் பொருத்தங்கள் என்றால் உயிர், மன்னித்துவிடுங்கள். எம்-35 வந்தது 1950 வாக்கில், ரியோ என்ற கம்பெனியிலிருந்து. அதன் நிறுவனர் ரான்சம் எலி ஓல்ட்ஸ், பெயரின் முதலெழுத்துகள்தான் ரியோ. கொரியா, வியட்நாம் என்று சுற்றிவிட்டு வந்து ஹூஸ்டனில் ஒரு பாட்டியைத் தூக்கி ஏற்றிக்கொண்டு நிற்கிறது.

பாட்டியை ஏற்றுவது ஓட்டுவதைவிடக் கஷ்டம். லாரித் தளம் நாலடிக்கு மேல் உயரம். இருபது வயதுச் சிப்பாய் எட்டிக் குதித்து ஏற வேண்டிய உயரத்தில் எண்பது வயதுக்காரர் எப்படி ஏறுவார்? முன்யோசனைக்காரர்கள் அலுமினிய ஏணி வைத்திருந்தார்கள். சக்கர நாற்காலி என்றால் நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துத் தூக்க வேண்டும். உள்ளே இரண்டு பக்கமும் மடக்கு மரப்பலகை இருக்கை, பின்பக்கம் குறுக்கே ஒரு பட்டை, மேலே தார்ப்பாய். மடியில் கறுப்புக் குப்பைப் பை. அதற்குள் மருந்து, வீட்டுப் பத்திரம், செல்போன் சார்ஜர். காலடியில் நாய். 2005 கத்ரினா புயலில் நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று பலர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு 2006-இல், வெளியேற்றத் திட்டம் போடும்போது செல்லப் பிராணிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று சட்டமே வந்தது. அதனால் டியூஸின் தளத்தில் மனிதரும் நாயும் பூனைக்கூண்டும் சரிசமம். தண்ணீரிலோ நெருப்பெறும்புகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு தெப்பமாக மிதந்து வந்தன. அந்தத் தெப்பத்தில் கால் வைத்தால் மொத்தக் கூட்டமும் மேலே ஏறும். லாரி உயரமாக இருப்பதற்கு இன்னொரு நன்றி.

தெருவே தெரியாத இடத்தில் எப்படி ஓட்டுவது? வாசலுக்கு வாசல் இருக்கும் தபால் பெட்டிகள் ஒரு எல்லை, நடுவில் தலை நீட்டும் மரங்கள் இன்னொரு எல்லை. இரண்டுக்கும் நடுவே ரோடு இருந்தாக வேண்டும். மூடி கழன்ற சாக்கடைக் குழி எங்கே என்று மட்டும் எந்த மரமும் சொல்லாது. கியர் முதல் அல்லது இரண்டு, அதற்கு மேல் கூடாது. வேகம் போனால் லாரி முன்னால் அலை எழும்பும். அந்த அலை நேரே இரண்டு பக்கத்து வீட்டுக்குள்ளும் புகும். வாசற்படி வரை வந்து நின்றிருந்த தண்ணீரை ஹாலுக்குள் தள்ளிவிட்டால், காப்பாற்ற வந்தவன் என்றெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள், மாடியிலிருந்து திட்டு விழும். நியாயமான திட்டு. நடை வேகத்தில் போவதுதான் இந்த வேலையின் பாதிக் கலை.

மீதிப் பாதி, எப்போது இறங்கக் கூடாது என்று தெரிவது. 2016 ஜூன் 2-ஆம் தேதி, ஹார்விக்கு ஒரு வருஷம் முன்னால், இதே டெக்சஸில் ஃபோர்ட் ஹூட் ராணுவத் தளத்தில், டியூஸுக்குப் பிறகு வந்த எல்எம்டிவி என்ற நவீன லாரி ஆவுல் கிரீக் ஓடையின் தரைப்பாலத்தைக் கடக்கும்போது கவிழ்ந்தது. உள்ளே 12 பேர். 9 பேர் இறந்தார்கள். பயிற்சி பெற்ற ராணுவம், ராணுவ லாரி. ஓடும் தண்ணீரின் வேகம் பக்கவாட்டில் தள்ளினால் ஆறு டன்னும் ஒரு பொருட்டில்லை. தேங்கி நிற்கும் தெருத் தண்ணீருக்கும் ஓடைக்கும் வித்தியாசம் தெரியாத ஆர்வக்கோளாறுகள் லாரி வைத்திருப்பது ஊருக்கு ஆபத்துதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டியூஸுக்கென்றே ஒரு சொந்த வில்லங்கமும் இருக்கிறது. பிரேக். காற்றின் பலத்தால் எண்ணெயைத் தள்ளி ஆறு இடத்திலும் பிரேக் பிடிக்க வைக்கும் அமைப்பு. ஆனால் பெரும்பாலான ஏ-2 வண்டிகளில் எல்லாம் ஒரே குழாய்த் தொடர். எங்கேயாவது ஒரு இடத்தில் பைப் கசிந்தால் மிதி பலகை வரை போய்விடும், ஒரு சக்கரமும் நிற்காது. புதிதாக டியூஸ் வாங்கினவனுக்குப் பழைய ஆட்கள் முதலில் கற்றுக்கொடுப்பது லைட் ஸ்விட்ச் இல்லை, இதைத்தான். தண்ணீரில் இறங்கி வந்தால் டிரம்மும் நனைந்திருக்கும். கரையேறியதும் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஓட்டிச் சூடாக்கி உலர்த்த வேண்டும். இதை மறந்து சிக்னலை நெருங்கினால் சிக்னல் பச்சையா சிவப்பா என்ற கேள்வியே எழாது.

ஆகஸ்ட் 28 அதிகாலையில் ராணுவப் பொறியாளர் படை அடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்களிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டது. அதுவரை தப்பித்துவிட்டோம் என்று நினைத்த பஃபலோ பயூ ஆற்றின் கரைத் தெருக்கள் அதற்குப் பிறகுதான் மூழ்கின. மழை விட்டும் தண்ணீர் விடவில்லை. 31-ஆம் தேதி போமான்ட் நகரத்தின் குடிநீர் பம்புகளே மூழ்கி, ஊர் முழுக்கக் குழாய் நின்றது. ஐ-10 நெடுஞ்சாலையில் ஒரு பகுதி அலையடிக்கும் கடலாகத் தெரிந்தது. ஆள் ஏற்றும் வேலை முடிந்ததும் பாட்டில் தண்ணீர் ஏற்றும் வேலை. அது முடிந்ததும் ஊறிப்போன ஜிப்சம் பலகை, நாறும் கார்பெட், செத்துப்போன ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் வீட்டிலிருந்து வாரிக் கொட்டும் வேலை. மனிதரை ஏற்றும்போது கூடிய கேமராக்களில் ஒன்றுகூடக் கார்பெட்டுக்கு வராது.

லாரி கொட்டகைக்குத் திரும்பியதும் இன்னொரு வேலை காத்திருக்கும். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஹவுசிங் அடியில் பிளக்கைத் திறந்தால் கரும்பொன் நிறத்தில் கொட்ட வேண்டிய கியர் ஆயில், ஸ்ட்ராங்கான பில்டர் காபி மாதிரி வழியும். கண்டுகொள்ளாமல் விட்டால் பேரிங் துருவேறிப் போகும். டியூஸுக்கு மூன்று ஆக்சில், ஆறு ஹப், ஒவ்வொரு ஹப்பிலும் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என பேரிங். அத்தனையையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளங்கையில் கிரீஸை வைத்து ஒவ்வொரு உருளைக்கு நடுவிலும் ஏறும்வரை அழுத்தி அழுத்தித் திணித்து, திரும்ப மாட்ட வேண்டும். ஒரு சக்கரத்தின் எடையைத் தூக்கி நிறுத்தவே இன்னொரு ஆள் வேண்டும். வெள்ளத்தில் இரண்டு நாள் ஓடிய லாரிக்கு வாரக்கணக்கில் பட்டறை வேலை. செலவு அவரவர் பாக்கெட்டிலிருந்து. இதையெல்லாம் புலம்பிக்கொண்டே, ஆனால் முகம் நிறையச் சிரிப்போடு செய்யும் ஒரு இனம் உலகத்தில் இருக்கிறது. ஹூஸ்டன் பெற்ற அதிர்ஷ்டம், அந்த இனம் அதன் சுற்றுவட்டாரத்தில் ஏராளமாக இருந்தது. லாரியை அரசு எப்போது வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். ஹார்விக்குப் பிறகு ஹூஸ்டன் வாங்கவும் செய்தது. விடிகாலையில் அந்தப் பஸ்ஸர் அழுதால் எந்த வால்வில் கசிவு என்று காதாலேயே சொல்லும் ஆளை டெண்டர் விட்டு வாங்க முடியாதே.

டியூஸ்களுக்கு வயதாகிறது, உதிரிபாகம் குறைகிறது. ஏலத்துக்கு இப்போது வருவது எல்எம்டிவி. அது பிறந்த ஊர் எது தெரியுமா? சீலி. ஹூஸ்டனிலிருந்து ஐ-10-இல் மேற்கே ஒரு மணி நேர ஓட்டம். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் லாரியை மாதிரியாக வைத்து அங்கேதான் ஆரம்பத்தில் கட்டினார்கள். உலகமெல்லாம் சுற்றி, ராணுவம் கழித்து, ஏலத்தில் ஒரு டெக்சஸ்காரர் கையில் விழுந்து, சொந்த மண்ணின் வெள்ளத்துக்கே திரும்பி வருகிறது. பவர் ஸ்டீயரிங், ஆட்டோமேட்டிக் கியர், உள்ளிருந்தே டயரில் காற்று ஏற்றி இறக்கும் வசதி என எல்லாம் உண்டு.

டியூஸ்காரர்கள் இதை ஏற்கவில்லை. கியர்பாக்ஸுக்கு மூளையாக ஒரு எலக்ட்ரானிக் பெட்டியாம்; அதற்குள் தண்ணீர் போனால் யாரைக் கூப்பிடுவாய் என்று கேட்கிறார்கள். எல்எம்டிவிக்காரர்கள் பதிலுக்கு, உன் வண்டியில் ஒரு வளைவைத் திருப்பிவிட்டு மறுநாள் தோளைத் தூக்கிக் காட்டு பார்ப்போம் என்கிறார்கள். பழைய ராணுவ வண்டிகள் கூடும் எந்தச் சந்தைக்குப் போனாலும் இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும். என் ஓட்டு விசிலுக்குத்தான். ஆனால் பிரேக் போடுகிற வேலை எனக்கு என்றால் எல்எம்டிவியைக் கொடுங்கள்.